படித்த தொடரையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன், இதை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

ஏழாவதுதடவை

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே கேட்கிறேன். ஹங்கர் கேம்ஸ் கதை இதில் வெளிப்படையாக வரும். இன்னும் படிக்காதவர்கள் தயவுசெய்து படித்துவிட்டு வாருங்கள்.

12 வயதில் பெர்சி ஜாக்சன் முதல் பாகம் கையில் கிடைத்தது. எழுத்துகள் பக்கத்தில் நிற்காமல் மிதக்கிற, வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாத ஒரு பையன்தான் அதில் நாயகன். ரிக் ரியோர்டன் அதே சிரமங்கள் இருந்த தன் மகனுக்கு இரவில் சொன்ன கதையிலிருந்து பிறந்தது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். 5 பாகங்களையும் மூச்சுவிடாமல் முடித்தேன். முடித்த இரவு தூக்கமே வரவில்லை. அடுத்த நாள் காலையில் வேறு புத்தகம் எடுக்க மனசே வராமல் அதே முதல் பாகத்தின் முதல் பக்கத்தைத் திறந்துவிட்டேன். பழக்கம் அங்கே தொடங்கியது.

அதற்குப் பிறகு ஹங்கர் கேம்ஸ், சிறுவர் சிறுமியரை ஓர் அரங்குக்குள் விட்டு ஒருவரையொருவர் கொல்ல வைக்கும் போட்டியைப் பற்றிய தொடர். இப்போது அதை ஏழாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் (பெயர்க்காரணம் புரிந்திருக்கும்). ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் என் கை தானாக அந்த முதல் பாகத்துக்குத்தான் போகிறது. அலமாரியில் இன்னும் தொடாத புத்தகங்கள் பதினொன்று இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டேன். அம்மா எதுவும் சொல்வதில்லை. தம்பிதான் "அக்கா, அது உனக்கு மனப்பாடமே ஆகியிருக்குமே, இன்னும் என்ன இருக்கு அதில்" என்று கேட்கிறான். நண்பர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். நேரத்தை வீணாக்குகிறேனோ என்று எனக்கே ஒரு உறுத்தல் வந்துவிட்டது.

ஆனால் உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு தடவையும் எனக்கு அது அதே புத்தகமாக இருப்பதில்லை. ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். முதல் பாகத்தில் போட்டிக்குப் போகிற நாயகி காட்னிஸுக்கு மாக்கிங்ஜே என்கிற பறவை உருவம் பதித்த ஒரு சட்டை ஊசி கிடைக்கிறது இல்லையா, மேயரின் மகள் மேட்ஜ் விடைபெற வரும்போது குத்திவிடுவாள். முதல் தடவை படித்தபோது அதை ஒரு நினைவுப்பொருள் என்று மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன், அரங்குக்குள் என்ன நடக்கப் போகிறது என்கிற பதற்றம் எனக்கு. இரண்டாம் பாகத்தில்தான் அந்த ஊசி மேட்ஜின் சித்தியுடையது, அந்தப் பெண், இப்போது காட்னிஸுக்கு வழிகாட்டியாக இருக்கும் ஹேமிட்ச்சோடு 50ஆவது போட்டிக்குப் போய் உயிரை விட்டவள் என்று தெரியவரும். அதைத் தெரிந்துகொண்டு முதல் பாகத்துக்குத் திரும்பினால் அந்த விடைபெறும் காட்சியே கனக்கிறது. ஒரு குடும்பம் தான் இழந்த பெண்ணின் பொருளை இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்து அனுப்புகிறது. மேடையில் குடித்துவிட்டுத் தடுமாறி விழுகிற ஹேமிட்ச்சைப் பார்த்து முதல் தடவை எரிச்சல்பட்டேன். இப்போது அந்த இடம் வந்தால் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருக்கிறது. 2025-ல் ஹேமிட்ச்சின் போட்டியைச் சொல்லும் சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங் வந்த பிறகு இன்னும் மோசம். 2008-ல் வந்த ஒரு பக்கத்தை 17 வருடம் கழித்து வந்த புத்தகம் மாற்றிவிட்டது!

காட்னிஸோடு போட்டிக்குப் போகிற பீட்டாவும் அப்படித்தான். கதை முழுக்க காட்னிஸ் தன் வாயால் நிகழ்காலத்தில் சொல்வது, அதனால் அவள் நம்பாததை நாமும் நம்புவதில்லை. போட்டிக்கு முன் நடக்கும் பேட்டியில் அவன் தன் காதலைச் சொல்லும்போது அது பார்வையாளர்களுக்காகச் செய்யும் தந்திரம் என்று அவளோடு சேர்ந்து நானும் நினைத்தேன். இரண்டாவது தடவை அவன் பேசுவதை மட்டும் தனியாகக் கவனித்துப் படித்தேன். அவன் முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை, எனக்குத்தான் அப்போது கேட்கவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்படித் திரும்பத் திரும்பப் படிப்பவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? எப்படிப் படிப்பீர்கள், முதலிலிருந்து முடிவு வரையா, பிடித்த அத்தியாயங்களை மட்டுமா? புதிய புத்தகங்களை எப்போது எடுப்பீர்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். பாடப்புத்தகத்தை மூன்று தடவை படித்தாலும் தலையில் நிற்பதில்லை, இது மட்டும் எப்படி நிற்கிறது?

---

ஒருதடவை

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவு தெரிந்துவிட்டால் எனக்கு அந்தப் புத்தகத்தில் வேலை முடிந்தது. யார் சாகப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு எதற்காகப் படபடப்பது? உலகத்தில் எவ்வளவோ கதைகள் இருக்கின்றன, வாழ்நாள் போதாது. அந்தப் பதினொன்றில் ஒன்றை இன்றைக்கே எடுங்கள்.

---

பின்அட்டை

தங்கச்சி, நீங்கள் செய்வதை ஒரு காலத்தில் உலகம் முழுக்கச் செய்தார்கள், வேறு வழியே இல்லாததால். ஹாரி பாட்டர் நாலாம் பாகம் 2000-ல் வந்தது. ஐந்தாம் பாகம் வந்தது 2003-ல். நடுவில் மூன்று வருடம் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று நினைக்கிறீர்கள்? இருந்த நாலையும் திரும்பத் திரும்பப் படித்தோம். யார் யாரைச் சந்தேகப்படுவது, எந்த வரி எதைக் காட்டுகிறது என்று வரி வரியாகப் பிரித்துச் சண்டை போட்டோம். இன்றைக்கு ஒரு தொடரை முழுசாகக் கையில் வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் முடிப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பு கிடைப்பதில்லை. மறுவாசிப்புதான் அவர்களுக்கு அதற்குப் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் பாகத்தின் ஆரம்பத்தில், மந்திர உலகமே ஆகாத ஹாரியின் பெரியம்மா பெட்டூனியா, டிமென்டார் (மந்திரச் சிறையைக் காவல் காக்கும் பூதம்) என்றால் என்னவென்று சட்டென்று சொல்லிவிடுவாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், பல வருடத்துக்கு முன் ஒரு மோசமான பையன், ஹாரியின் அம்மாவான தன் தங்கையிடம் சொன்னதைத் தான் கேட்டதாகச் சொல்வாள். ஹாரி அது தன் அப்பா என்று நினைத்துக் கோபப்படுவான், நாமும் அப்படித்தான் நினைப்போம். அந்தப் பையன் ஹாரியை வெறுக்கும் ஆசிரியர் ஸ்னேப் என்று தெரிய நான் 2007 வரை, ஏழாம் பாகம் வரை காத்திருந்தேன். தெரிந்த பிறகு அந்த ஒற்றை வாக்கியத்துக்குத் திரும்பிப் போனபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதல் தடவை அது பெட்டூனியாவைப் பற்றிய வேடிக்கையான இடம். இரண்டாவது தடவை மூன்று குழந்தைகளின் கதை முழுசும் அதற்குள் இருக்கிறது. சிரியஸ் பிளாக்கின் பெயரும் அப்படித்தான். முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்திலேயே, மோட்டார்பைக் யாரிடம் வாங்கியது என்று சொல்லும்போது ஹாக்ரிட் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். அந்த மனிதர் கதைக்குள் வருவது மூன்றாம் பாகத்தில்தான்.

முதல் வாசிப்பில் இதெல்லாம் கண்ணில் படாது. படக் கூடாது என்றுதான் எழுதியவரே மறைத்து வைத்திருக்கிறார். அப்படியானால் அந்த வேலை யாருக்காகச் செய்தது? திரும்பி வருகிறவருக்காகத்தானே.

ஒருதடவை, உங்களுக்கும் ஒன்று. 2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டு, சிலருக்குச் சொல்லாமல் படிக்கக் கொடுத்தார்கள். ட்விஸ்ட் உள்ள கதை, துப்பறியும் கதை எல்லாம் அதில் உண்டு. முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாக ரசித்திருந்தார்கள். சிறுகதையும் ஏழு பாகத் தொடரும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிவு தெரிந்தால் எல்லாம் போய்விட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது.

---

ஒருதடவை

பெட்டூனியா விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஏழையும் படித்திருக்கிறேன். அந்த வரி நினைவிலேயே இல்லை. இது என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது.

---

சொற்குவியல்

மொழி கற்பிக்கிறவள் என்கிற முறையில் சொல்கிறேன், இங்கே யாரும் இன்னும் இந்தப் பக்கத்தைத் தொடவில்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் இந்தத் தொடர்களை ஆங்கிலத்தில் படிக்கிறோம், ஆங்கிலம் நம் வீட்டு மொழி இல்லை. முதல் வாசிப்பில் பாதிச் சொற்களை ஊகித்துக்கொண்டே ஓடியிருப்போம், கதையின் வேகம் நிறுத்த விடாது. திரும்பி வரும்போது கதை தெரியும் என்பதால் கண் சொற்களின் மேல் நிற்கிறது. முதல் தடவை புரியாமல் தாண்டிய சொல் இரண்டாவது தடவை அகராதி இல்லாமலே புரிந்துவிடும். என் மாணவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஸ்டீவன் கிராஷன் என்கிற மொழியியலாளர் 1981-லேயே இதைப் பற்றி எழுதினார். ஒரே எழுத்தாளரை, ஒரே துறையை, ஒரே தொடரை ஊன்றிப் படித்தால் மொழி சீக்கிரம் வரும் என்பது அவருடைய வாதம். காரணம் எளிமையானது. ஒவ்வொரு எழுத்தாளருக்கும் பிடித்த சொற்களும் வாக்கிய அமைப்புகளும் உண்டு, அவை திரும்பத் திரும்ப வரும். ஆட்களும் இடங்களும் முதல் பாகத்திலேயே பழகிவிடுவதால் இரண்டாம் பாகத்தில் யார் எவர் என்று தடுமாற வேண்டாம், அந்தச் சக்தி முழுக்க மொழிக்குப் போகும். 1994-ல் சோ என்பவரும் அவரும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் குடியேறிய நான்கு பெண்கள், பள்ளியில் வருடக்கணக்காக ஆங்கிலம் படித்தும் பேசத் தயங்கியவர்கள். ஸ்வீட் வேலி என்கிற தொடரில் பதின்வயதினருக்கான புத்தகங்கள் அவர்களுக்குக் கடினமாக இருக்கவே, அதே குடும்பத்தில் சிறுவர்களுக்கான வரிசையைக் கொடுத்தார்கள். அவர்கள் ஆசைப்பட்டுப் பாகம் பாகமாகப் படித்தார்கள், சொல்வளம் கூடியது, பேசும் துணிச்சலும் கூடியது. எளிய கதை, ஆனால் அடுத்த பாகம் வேண்டும் என்கிற தவிப்பு இருந்தது. அந்தத் தவிப்பை எந்தப் பாடத்திட்டத்தாலும் உண்டாக்க முடியாது, இருபது வருடமாக முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

பாடப்புத்தகம் ஏன் நிற்பதில்லை என்று கேட்டீர்கள். ரோடிகர், கார்ப்பிக்கி இருவரின் 2006 ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பகுதியை மறுபடி படித்த மாணவர்களையும், ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ், எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நீங்கள் ஹங்கர் கேம்ஸை வெறுமனே மறுபடி படிக்கவில்லை. பேருந்தில் போகும்போதும் தூங்கும் முன்பும் அந்தக் காட்சிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள், நண்பர்களிடம் சொல்லியிருப்பீர்கள். அதாவது நினைவிலிருந்து எடுத்திருப்பீர்கள். பாடத்தை அப்படி எடுத்துப் பார்த்ததுண்டா? ஒன்று செய்யுங்கள். அடுத்த தடவை ஓர் அத்தியாயத்தைத் திறக்கும் முன் அதில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிவிட்டு, அப்புறம் படித்துப் பாருங்கள். கதையில் பழகிக்கொண்டால் பாடத்துக்கும் கை வரும்.

---

திறந்தஜன்னல்

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் வாழ்க்கையில் ஒரு மோசமான வருடம் வந்தது. விவரம் வேண்டாம். அந்த வருடம் முழுக்க நான் ஒரே ஒரு தொடரைத்தான் படித்தேன், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று தெரியும், எதுவும் என்னைத் திடுக்கிட வைக்காது, அதுதான் எனக்குத் தேவையாக இருந்தது. அந்தப் புத்தகங்கள் என்னைத் தாங்கிப் பிடித்தன, அதற்கு இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன். ஆனால் வருடம் கழிந்து நிலைமை சரியான பிறகும் நான் வெளியே வரவில்லை. புதிய புத்தகத்தைத் திறந்தால் நாலாவது பக்கத்திலேயே ஒரு பயம் வரும். இந்த ஆட்களை எனக்குத் தெரியாதே, இவர்களுக்கு என்ன ஆகும் என்று தெரியாதே என்று. மூடிவிட்டுப் பழையதற்கே போய்விடுவேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அப்படி.

ஏழாவதுதடவை எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீங்கள் என்னைப் போல இல்லை என்றுதான் படுகிறது. நீங்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறீர்கள், நான் எதையும் கண்டுபிடிக்காமல் இருப்பதற்காகப் படித்தேன். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதினொன்றில் ஒன்றைக் கையில் எடுக்கும்போது என்ன தோன்றுகிறது? ஆர்வம் இல்லை என்றால் பரவாயில்லை, அது ஒரு பிரச்சினையே இல்லை. பயம் என்றால் அதைக் கவனியுங்கள்.

எனக்கு உதவியது ஒரு சின்ன வழி. அதே எழுத்தாளரின் வேறு புத்தகத்தை எடுத்தேன். உலகம் புதிது, குரல் பழையது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக முடிந்தது.

---

வரிசைமாறி

எப்படிப் படிப்பது என்று கேட்டதற்கு என் பதில், தடவைக்குத் தடவை வரிசையை மாற்றிப் படியுங்கள். நார்னியா அதற்குச் சரியான தொடர். 1950-ல் முதலில் வெளிவந்தது, லூசி என்கிற சிறுமி ஓர் அலமாரி வழியாக நார்னியா என்கிற உலகத்துக்குள் போகும் கதை. ஆனால் அந்த உலகம் எப்படி உண்டானது என்று சொல்லும் புத்தகம் 1955-ல், ஏழில் ஆறாவதாக வந்தது. இப்போது நிறைய பதிப்புகளில் அதைத்தான் முதல் பாகம் என்று போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பனிக்காட்டுக்கு நடுவில் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும் அல்லவா, அதை முதல் தடவை பார்க்கிறவருக்கு அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியவே கூடாது, அந்தப் பிரமிப்புதான் நார்னியாவுக்குள் போகும் வாசல். இரண்டாவது தடவை கதையின் கால வரிசைப்படி படியுங்கள். அந்த விளக்கு எப்படி முளைத்தது என்று தெரிந்துகொண்டு அந்தக் காட்டுக்குள் லூசியோடு நுழைந்தால் பழைய நண்பரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

---

ஏழாவதுதடவை

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. ரொம்ப நன்றி.

திறந்தஜன்னல், உங்கள் கேள்வியை வைத்துக்கொண்டு நேற்று அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். பதினொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்பதில் எனக்குப் பயம் எதுவும் இல்லை. அவற்றில் நாலைந்து எனக்குப் பிடிக்காத வகை, பரிசாக வந்தவை, அவற்றைப் படிக்கவில்லை என்று இவ்வளவு நாள் வருத்தப்பட்டிருக்கவே தேவையில்லை. ஆனால் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன, இரண்டுமே ஒரு தொடரின் கடைசிப் பாகம். முந்தைய பாகங்களை ஆசை ஆசையாகப் படித்துவிட்டு, கடைசியை மட்டும் தொடாமல் வைத்திருக்கிறேன். முடிந்துவிடுமே என்று. இது பயம்தான் என்று இப்போது புரிகிறது. நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

பின்அட்டை அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். காத்திருந்து படித்தபோது நீங்கள் கதாபாத்திரங்களோடு சேர்ந்து வளர்ந்தீர்கள். நான் 13 வயதில் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். அந்த அனுபவம் எனக்கு இனிமேல் கிடைக்கவே கிடைக்காதா?

---

மெதுவாசகி

அந்தச் சந்தேகத்துக்கு நான் பதில் சொல்லலாமா? எனக்கு நாற்பத்தெட்டு வயது.

உர்சுலா லெ க்வின் எழுதிய எர்த்ஸீ தொடரை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. முதல் மூன்று பாகங்கள் 1968, 1971, 1972-ல் வந்தன. இரண்டாம் பாகத்தில் டெனார் என்று ஒரு பெண், சின்ன வயதிலேயே குடும்பத்திலிருந்து பிரித்து இருட்டுக் கல்லறைகளுக்குப் பூசாரியாக ஆக்கப்பட்டவள். அந்த இருட்டிலிருந்து அவள் வெளியே வருவதுதான் கதை. 17 வயதில் அதைப் படித்தேன். அவளுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். அவள் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற பக்கங்களில் என் கையும் சுவரைத் தேடியது, அப்படி ஒன்றிப்போனேன்.

மூன்றோடு தொடர் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 18 வருடம் கழித்து, 1990-ல், நாலாம் பாகம் வந்தது. அதே டெனார். இப்போது அவள் நடுத்தர வயது விதவை, பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், பண்ணை வீட்டில் தனியாக இருக்கிறாள். தீக்காயம் பட்ட ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கத் தொடங்குகிறாள். முதல் மூன்று பாகங்களிலும் வந்து உலகத்தின் மிகப் பெரிய மந்திரவாதியாக உயர்ந்த கெட் சக்தியெல்லாம் இழந்து அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறான். பெரிய சண்டை இல்லை, டிராகன்கூட அங்கொன்றும் இங்கொன்றும்தான். முதல் மூன்றையும் ஆண்களின் வீரக்கதை மரபுக்குள் நின்றே எழுதியதாக லெ க்வின் பிற்பாடு வெளிப்படையாகப் பேசினார். தான் உண்டாக்கிய உலகத்தை அவரே ஒரு தடவை திரும்பப் படித்து, அடுப்படியிலிருந்து பார்த்தால் இந்த உலகம் எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதிய புத்தகம் அது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த நாலாம் பாகத்தை இருபது வயதில் படித்தேன். பிடிக்கவே இல்லை. பாதியில் வைத்துவிட்டேன், ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வேறு. போன வருடம் முதல் பாகத்திலிருந்து மறுபடி தொடங்கி நாலாவதற்கு வந்தேன். என் பிள்ளைகளும் இப்போது வீட்டில் இல்லை. டெனார் பாத்திரம் கழுவிக்கொண்டே யோசிக்கிற இடங்கள், முன்பு எரிச்சலோடு புரட்டிய அதே பக்கங்கள், இப்போது ஒன்றையும் தாண்ட முடியவில்லை. அதை முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. சின்னப் புத்தகம்தான்.

அதனால் ஏழாவதுதடவை, நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை. ஒரே மாதத்தில் படித்தீர்கள், சரி, அது 13 வயதுப் பெண் படித்தது. ஐந்தாம் பாகத்தில் ஹாரிக்கு 15 வயது, எதற்கெடுத்தாலும் கத்துகிறான், 13 வயதில் அது உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். இப்போது அந்த வயதைத் தாண்டி வந்திருக்கிறீர்கள், போய்ப் பாருங்கள். இன்னும் பல வருடம் கழித்து, பிள்ளைகளுக்காகக் கவலைப்படுகிற வயதில், ஹாரியின் நண்பன் ரானின் அம்மாவை, அந்த வீஸ்லி வீட்டு அம்மாவை மட்டும் கவனித்து ஒரு தடவை படியுங்கள். காத்திருந்து வளர்வது ஒரு வழி. திரும்பித் திரும்பி வந்து, ஒவ்வொரு தடவையும் வேறொருவர் பக்கத்தில் உட்காருவது இன்னொரு வழி.

தமிழில் இதை நாம் புதிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதே இல்லை. கல்கி 1950-லிருந்து வாரம் வாரமாக எழுதி 1954-ல் முடித்த பொன்னியின் செல்வனை ஒரே தடவை படித்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 5 பாகமும் பல தடவை படித்தவர்களை யாரும் நேரத்தை வீணாக்கியதாகச் சொல்வதில்லை. சிறு வயதில் வந்தியத்தேவனோடு குதிரையில் போனவர்கள் வயதான பிறகு நந்தினியை நினைத்து வருத்தப்படுகிறார்கள். பதின்வயதினர் தொடர் என்று வந்தால் மட்டும் ஏன் உறுத்த வேண்டும்?

---

பின்அட்டை

இதற்கு மேல் நான் சேர்க்க எதுவுமில்லை. மெதுவாசகி அக்கா, எர்த்ஸீ நாலாம் பாகத்தை நானும் பாதியில் விட்டவன்தான். எடுக்கிறேன்.

---

ஒருதடவை

முன்பு எழுதியதை நான் முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை, எனக்கு இன்னமும் புதிய கதைதான் முதலில். ஆனால் நேற்று ஹாரி பாட்டர் ஐந்தாம் பாகத்தில் அந்தப் பெட்டூனியா இடத்தை மட்டும் பார்க்கலாம் என்று திறந்தேன். ஆறு அத்தியாயம் போய்விட்டது.

---

ஏழாவதுதடவை

சொற்குவியல் டீச்சர், நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஹங்கர் கேம்ஸ் முதல் பாகத்தில் ரொட்டி வருகிற அந்தப் பகுதி, இரண்டாம் அத்தியாயம். ஆறு தடவை முழுசாகப் படித்தது, ஏழாவது நடந்துகொண்டிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தாளில் எழுதினேன். மழை, பசி, குப்பைத்தொட்டி, பீட்டா வேண்டுமென்றே ரொட்டியைக் கருக விட்டு அம்மாவிடம் அடி வாங்குகிறான், ரொட்டியை அவள் பக்கம் எறிகிறான், அவள் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறாள். முடிந்தது என்று பேனாவை வைத்தேன்.

திறந்து பார்த்தால் அவன் எறிவது ஒரு ரொட்டி இல்லை, இரண்டு. படத்தில் பார்த்தது என் மனதில் புத்தகத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது போல. அதைவிடப் பெரிய விஷயம், காட்சி ரொட்டியோடு முடியவே இல்லை. அடுத்த நாள் பள்ளியில் கன்னம் வீங்கிய பீட்டாவை அவள் பார்க்கிறாள், பார்வை சந்திக்கிறது, சட்டென்று கண்ணைத் தாழ்த்துகிறாள், அப்போது தரையில் ஒரு டேன்டலியன் பூ. அந்தப் பூவைப் பார்த்ததும்தான் காட்டுக்குப் போய் உணவு தேடலாம் என்று அவளுக்குத் தோன்றுகிறது, குடும்பம் பிழைப்பது அங்கிருந்துதான். இதை நான் எழுதவே இல்லை.

மூன்றாம் பாகத்தின் கடைசியில் தனக்கு என்ன தேவை என்று சொல்லும்போது காட்னிஸ் அந்த டேன்டலியனைத்தான் சொல்வாள். அந்த வரி எனக்கு அவ்வளவு பிடிக்கும், நோட்டில்கூட எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அதை ஏதோ அழகுக்காகச் சொன்ன உவமை என்றுதான் இவ்வளவு நாளும் வைத்திருந்தேன். அந்தப் பூ 11 வயதில் அவள் பள்ளி வளாகத்தில் பார்த்த பூ. முதல் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது, ஆறு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

தம்பியைக் கூப்பிட்டு இரண்டு இடத்தையும் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு முதல் பாகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான், இன்னும் திரும்பி வரவில்லை. அதனால் இப்போதைக்கு ஏழாவது தடவை பாதியில் நிற்கிறது. தொடாமல் வைத்திருந்த அந்த இரண்டு கடைசிப் பாகங்களில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். முதல் அத்தியாயம் முடிந்தது.